பாப்பாவின் படிகம்

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணியை எல்லோரும் பாப்பா என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அவளுக்கு ஒன்றும் இல்லை. கூப்பிடுகிறவர்களுக்குத்தான் ஆரம்பத்தில் நாக்கு கூசும். தொட்டிலில் கிடந்தபோது அண்ணன் வைத்த பெயர் அது. பள்ளிக்கூடம், கல்லூரி என்று அவள் போன இடத்துக்கெல்லாம் கூடவே வந்து, கடைசியில் ஆராய்ச்சிக்கூடத்து உலை அறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. அங்கே அவள் பொடிகளைக் கலந்து உருக்கி, மெல்ல மெல்ல ஆறவிட்டுப் படிகம் வளர்ப்பவள். கோபம் வந்தால் உலையே தேவலை என்று கூடத்தில் பேச்சு.

இது அந்தப் பாப்பாவின் அண்ணியைப் பற்றிய கதை. அண்ணியும் அதே கட்டிடத்தில்தான் வேலை பார்த்தாள். பாப்பா மேல்மாடியில் உலையோடு. அண்ணி தரைக்குக் கீழே, வெளிச்சம் புகாத அறையில், வைரத்தோடு. வைரக்காரம்மா என்றுதான் அவளைச் சொல்வார்கள். காதிலோ மூக்கிலோ மருந்துக்குக்கூட ஒரு வைரம் கிடையாது என்பதுதான் வேடிக்கை. அவள் கையாண்ட வைரங்களை எந்த நகைக்கடைக்காரரும் சீந்த மாட்டார். நகத்துணுக்கு அளவு, லேசான இளஞ்சிவப்பு, உள்ளே முழுக்கக் குறை. ஆனால் அந்தக் குறைக்காகத்தான் அதை ஆசை ஆசையாக வாங்குகிறார்கள். வைரத்துக்குள் கரி அணுக்கள் வரிசை தப்பாமல் அடுக்கியிருக்கும். அந்த வரிசையில் ஓர் இடத்தில் நைட்ரஜன் அணு வந்து உட்கார்ந்து, பக்கத்து இடம் காலியாகக் கிடந்தால், அந்தக் காலி இடம் சுற்றிலும் உள்ள காந்தப்புலத்தை உணரத் தொடங்கிவிடும். பச்சை லேசரைக் காட்டினால் சிவப்பாக ஒளிரும். கூடவே நுண்ணலையை அனுப்பி, அதன் அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால் இரண்டு இடத்தில் அந்தச் சிவப்பு மங்கும். இரண்டு மங்கலுக்கும் நடுவே இடைவெளி கூடினால் புலம் கூடியிருக்கிறது, குறைந்தால் குறைந்திருக்கிறது. தலைமயிரின் தடிமனைவிடச் சின்ன இடத்தில்கூட இது பலிக்கும்.

இந்த வேலையில் அண்ணியைக் கொண்டுவந்து சேர்த்தவள் பாப்பா. இயற்பியல் படித்துவிட்டு, கல்யாணமாகி, படித்ததெல்லாம் துருப்பிடிக்க வீட்டில் இருந்தவளுக்காகத் ஆராய்ச்சிக்கூடத் தலைவரிடம் நடையாய் நடந்து இடம் வாங்கிக் கொடுத்தாள். உதவி என்று வந்தால் பாப்பாவைப் போல யாராலும் செய்ய முடியாது. செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டுக்கு வருகிற விருந்தாளி, பால் போடுகிறவர், பல் வைத்தியர் என்று பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். அண்ணி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். உள்ளே ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும்.

மூவருக்கும் ஒரே வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் பாப்பா. அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. வீட்டில் அவரே ஒரு பழுதான லிஃப்ட் மாதிரிதான், மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் நிற்பார். தங்கையைப் பற்றி மனைவி குறை சொன்னாலும், மனைவியைப் பற்றித் தங்கை குறை சொன்னாலும், "அப்படியா" என்ற ஒரே சொல்லில் இத்தனை வருடக் குடும்பத்தை ஓட்டிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் பாப்பாவுக்கு அந்தப் படிகம் கிடைத்தது. பல மாதம் உலையோடு மல்லுக்கட்டி, உடைந்ததும் விரிசல் விட்டதும் போக, உருப்படியாக ஒன்றே ஒன்று. அரிசிமணியில் பாதி இருக்கும், கறுப்பு, ஓரமெல்லாம் பிசிறு. குளிர்வித்து மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது, அந்த வகைப் பொருள்களில் யாரும் எதிர்பார்க்காத வெப்பநிலையிலேயே மின்தடை சட்டென்று காணாமல் போனது. மீக்கடத்தி! பாப்பா அன்றைக்குக் கூடம் முழுக்க இனிப்பு கொடுத்தாள். அண்ணிக்கு இரண்டு கொடுத்தாள்.

தலைவர் மட்டும் இனிப்பை வாங்கி மேஜை மேல் வைத்தார். மின்தடையை மட்டும் நம்ப முடியாது என்பது அவர் கட்சி. படிகத்துக்குள் ஓடும் ஒரு மெல்லிய இழை போதும், மின்சாரத்தைக் கடத்தி ஆளை ஏமாற்றிவிடும். உண்மையான மீக்கடத்தி என்றால் காந்தப்புலத்தைத் தன் உடம்புக்குள் விடாது, வெளியே தள்ளும். தள்ளுகிறதா என்று வைரத்தை மேலே வைத்துப் பார்க்க வேண்டும். தள்ளினால் பாப்பாவின் உலை அறை பாப்பாவுக்கே. தள்ளாவிட்டால், அந்த அறையை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மின்கலக் குழுவுக்கு அவர் தூக்கிக் கொடுத்துவிடுவார். பாப்பா உபகரணக் கிடங்குக்குப் போய் எத்தனை குடுவை வந்தது, எத்தனை உடைந்தது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதை அவர் பாப்பாவிடமே நேராகச் சொன்னார். பாப்பாவும் மறுபேச்சில்லாமல் படிகத்தைக் கொண்டுவந்து அண்ணி கையில் கொடுத்தாள்.

அளக்கும் முறையில் ஒரு விதி உண்டு. அண்ணிக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். படிகத்தின் மேல் வைரத்துணுக்கை ஒட்டி, குளிர்கலத்துக்குள் வைத்து மூட வேண்டும். குளிர்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்டவாளம். அதில் முன்னும் பின்னும் நகரும் ஒரு காந்தம். முதலில் அறையின் சூட்டிலேயே காந்தத்தைக் கிட்டே கொண்டுவந்து வைரம் சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் காந்தத்தைக் கடைசிவரை தள்ளி வைத்துவிட்டுத்தான் குளிர்விக்க வேண்டும். நன்றாகக் குளிர்ந்த பின் மறுபடி கிட்டே கொண்டுவர வேண்டும். அப்போது படிகம் புலத்தை உள்ளே விடுகிறதா, விரட்டுகிறதா என்று வைரம் காட்டிக்கொடுத்துவிடும். காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குளிர்வித்தால் வம்பு. பிசிறு நிறைந்த படிகங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கும் புலத்தை வெளியே விடாமல் அப்படியே பூட்டிக்கொள்ளும். மீக்கடத்தியாக இருந்தாலும் சாதாரணக் கல்லைப் போலத்தான் தெரியும்.

பாப்பாவின் படிகத்தை அளந்த அன்று காலை அண்ணி காந்தத்தைக் கிட்டே வைத்து, வைரத்தைச் சரிபார்த்து முடித்திருந்தாள். தள்ளி வைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குத் தரையில் முட்டி போட்டு, மேஜைக்கு அடியில் இருக்கும் திருகாணியைத் தளர்த்த வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கூடத்தைப் பார்வையிட வந்த விருந்தினர் கும்பலைத் தலைவர் உள்ளே அழைத்துவந்தார். அறைக்குள் இருந்த கொஞ்சநஞ்ச இடமும் அடைபட்டது. நாலைந்து பேர் சரியாக அந்தத் தண்டவாளத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். கூடவே பாப்பா.

தலைவர் வைரத்தைப் பற்றி அழகாக விளக்கினார். ஒருவர் அண்ணியைப் பார்த்து, எத்தனை நாளாக இந்தத் துறையில் இருக்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள்.

"இவங்க எங்க அண்ணி. வீட்ல சும்மா உக்காந்திருந்தாங்க, நான்தான் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். இப்ப வைரத்தோடதான் குடித்தனம்."

எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்தார், அண்ணி என்ன பதில் சொல்ல நினைத்தாள் என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. அவளுக்குக் காது மடல்வரை எரிந்தது. பாப்பா வேண்டுமென்று செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால்கூடப் பரவாயில்லை, பதிலுக்கு ஒரு வார்த்தை விட்டிருக்கலாம். குளிர்விப்பதை ஆரம்பியுங்கள், இவர்களும் பார்க்கட்டும் என்றார் தலைவர். அண்ணி முகத்தைக் காட்டாமல் திரும்பி, பம்ப்பின் பொத்தானை அழுத்தினாள். பம்ப் வழக்கம்போல் காட்டுக்கத்தலாகக் கத்த ஆரம்பித்தது. அப்புறம் எல்லோரும் தேநீருக்குப் போனார்கள்; தலைவர் கூப்பிட்டதால் அவளும் போனாள்.

திரும்பி வந்தபோது கலம் குளிர்ந்திருந்தது. காந்தம் கிட்டே இருந்தது. குளிர்ந்த பின் காந்தம் கிட்டே இருக்க வேண்டும், இருக்கிறது. இத்தனை வருடம் செய்த வேலை, கை தானாகச் செய்திருக்கும் என்று அவள் மனசு ஒரு கணம்கூட நிற்காமல் அடுத்ததற்குப் போய்விட்டது.

படம் திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது. படிகத்துக்கு மேலேயும் அதைச் சுற்றியும் ஒரே நிறம். படிகம் இருக்கும் இடத்தில் இடைவெளி குறைந்திருக்க வேண்டும்; ஓரங்களில் கூடியிருக்க வேண்டும். ஒரு மாற்றமும் இல்லை. துடைத்துவைத்த பலகை மாதிரி இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. அண்ணியின் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. அய்யோ பாவம் என்ற நினைப்பு வந்தது உண்மைதான். ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். வேணும் நல்லா வேணும் என்று உள்ளே யாரோ சொன்னார்கள், அந்தக் குரல் அவளுடையதாகவே இருந்தது.

அவளுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாகிவிட்டது. வழக்கமாக எந்தப் படிகத்தையும் சூடேற்றி மறுபடி குளிர்வித்து இரண்டு தடவை பார்ப்பவள் அவள். அந்த விஷயத்தில் கறார். அன்றைக்குப் பார்க்கவில்லை. மறுபடி அந்தத் திரை முன்னால் உட்கார்ந்தால் மறுபடி அந்தச் சந்தோஷம் வந்து தொலைக்குமோ என்று பயம். குளிர்கலத்துக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று தனக்குத் தானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டாள். சூடேற விட்டு, படிகத்தைக் கழற்றி, டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அளந்தவர் முடிவைத் தலைவருக்குச் சொல்வதற்கு முன், படிகத்தின் சொந்தக்காரரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாப்பா உலைக்கு முன்னால் கையுறையோடு நின்றிருந்தாள்.

"எதுவும் தெரியல," என்றாள் அண்ணி. "படிகத்து மேலயும் வெளியிலயும் ஒரே மாதிரிதான் இருக்கு. புலத்த அது தள்ளவே இல்ல."

பாப்பா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாப் பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு கேள்வி இல்லை. இதற்கு முன்னால் வேறொருவர் அளந்து இல்லை என்று சொன்னபோது, அந்த மனுஷனை நாற்காலியோடு சேர்த்துக் கருவிக்கு முன்னால் இழுத்துப்போய், இன்னொரு தடவை ஓட்டு என்று உட்கார வைத்தவள் பாப்பா. இன்றைக்குக் கையுறையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டாள். தோற்றுப்போன படிகத்தைப் பொடியாக்கி, அதில் என்னதான் இருந்தது என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது வழக்கம். அந்த வேலையை யாரிடமும் கொடுக்காமல், அன்று சாயங்காலமே அவளே கல்வத்தில் போட்டு அரைத்துவிட்டாள்.

அடுத்த சில நாள் வீடு வீடாகவே இல்லை. பாப்பா மாடியிலிருந்து இறங்குவதும் தெரியாது, ஏறுவதும் தெரியாது. அண்ணன் இரண்டு தடவை மேலே போய், இரண்டு தடவையும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தார். அண்ணி சமைத்ததை மேலே அனுப்பினாள். பாதி திரும்பி வந்தது. தான் செய்தது வேலை, வேறொன்றுமில்லை, படிகம் சரியில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று அவள் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தாள். எதிரே யாரும் குற்றம் சாட்டவே இல்லை.

வாரக் கடைசியில் வேறொருவரின் படிகம் வந்தது. வைரத்தை ஒட்டி, கலத்தில் வைத்து, காந்தத்தைக் கிட்டே வைத்துச் சரிபார்த்து முடித்துவிட்டு, அதைத் தள்ளி வைக்க அண்ணி தரையில் முட்டி போட்டாள். மேஜைக்கு அடியில் கையை விட்டுத் திருகாணியைத் தேடினாள். தேடிய கை அப்படியே நின்றுவிட்டது.

அன்றைக்கு இந்த இடத்தில் செருப்பும் ஷூவுமாக நின்றிருந்தன. முட்டி போட இடமே இல்லை. அவள் முட்டி போடவில்லை.

 எழுந்து கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கலம் குளிர்ந்துகொண்டே போகும்போதும் வைரம் சும்மா இருப்பதில்லை. ஒளிர்ந்தும் மங்கியும் அளவைப் பதிந்துகொண்டே இருக்கும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை, தேவையும் இல்லை. காந்தம் தள்ளி இருந்திருந்தால் இரண்டு மங்கலும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அன்றைய பதிவில் அவை தொடக்கத்திலிருந்தே விலகித்தான் இருந்தன. அறைச் சூட்டிலிருந்து கடைசிக் குளிர்வரை ஒரே அகலம். வைரம் சரியாகத்தான் பேசியிருக்கிறது. கேட்டவள்தான் சரியாகக் கேட்கவில்லை.

அப்படியானால் படிகம் நல்ல படிகமா? அதுவும் தெரியாது. புலத்தைப் பூட்டிக்கொண்டும் இருந்திருக்கலாம். வெறும் கல்லாகவும் இருந்திருக்கலாம். குளிரோடு இருக்கும்போது காந்தத்தை ஒரு தடவை விலக்கிப் பார்த்திருந்தால் போதும், உள்ளே பூட்டிய புலம் மிச்சம் இருக்கிறதா என்று வைரம் சொல்லியிருக்கும். இரண்டாம் தடவை ஓட்டியிருந்தாலும் போதும். இப்போது பாப்பாவின் படிகம் ஒரு கண்ணாடிக் குழாயில் கறுப்புப் பொடியாக இருக்கிறது. பொடியிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் வராது. அரைத்ததை ஒட்ட வைக்க எந்த உலையாலும் முடியாது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். அவர் இந்தத் தடவை "அப்படியா" என்று சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அவர், படிகமும் போய்விட்டது, பாப்பாவும் மனசைத் தேற்றிக்கொண்டு வருகிறாள், இப்போது போய்ச் சொன்னால் யாருக்கு என்ன லாபம் என்றார். சொன்னால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படி இருப்பீர்கள் என்றும் கேட்டார். சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் அண்ணியை உலுக்கியது. சொல்லாமல் இருப்பது அத்தனை சுலபமாக இருந்தது. தன் படிகம் வெறும் கல் என்று நம்பிக்கொண்டே பாப்பா கிடங்குக்குப் போவாள். இனிமேல் அந்தக் கலவையைத் தொடவே மாட்டாள். ஆயுசு முழுக்க அண்ணி அவளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு, இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

மறுநாள் கூடத்துக்குப் போனதும் நேராக மாடி ஏறினாள். பாப்பா பொடி உருக்கும் மூசைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அறையைக் காலி செய்யச் சொல்லும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். அண்ணி உட்காரவில்லை. விருந்தினர் வந்தது, முட்டி போடாதது, தேநீர் குடித்துவிட்டு வந்து காந்தத்தைக் கிட்டே பார்த்தது, பதிவில் இருந்த அகலம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த இடத்தில் பாப்பா சொன்ன வேடிக்கைப் பேச்சை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பாதிப் பழியைத் தூக்கி அவள் தலையில் வைத்த மாதிரி ஆகிவிடும்.

பாப்பா துணியைக் கீழே வைத்தாள். உலைக்காரிக்கே உரிய கேள்விகளைத்தான் கேட்டாள்.

"காந்தம் எவ்வளவு கிட்ட இருந்துச்சு?"

"ரொம்பக் கிட்ட இருக்கற குறியில."

"எங்கயும் நிறுத்தாம ஒரே மூச்சாக் குளிர வச்சீங்களா?"

"ஆமா."

"அப்ப உள்ளயே மாட்டியிருக்கும்."

"மாட்டியிருக்கலாம். இல்ல, மொதல்லருந்தே ஒண்ணும் இல்லாமலும் இருந்திருக்கலாம். என்னால சொல்ல முடியல பாப்பா. இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

பாப்பா அலமாரியைத் திறந்து அந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. அண்ணி திட்டுக்குத் தயாராக நின்றாள்; திட்டினால் தேவலை என்று வேண்டிக்கொண்டாள். திட்டு வரவில்லை.

"தலைவர்கிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள் பாப்பா. "நான் போய்ச் சொன்னா, நாத்தனார் புத்தியக் காட்டிட்டா பாருனு சொல்லுவாங்க."

அண்ணி போய்ச் சொன்னாள். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை, வந்து சொன்னது நல்லது என்றார். ஆனால் கை விரித்துவிட்டார்.

"இல்லைனு இருந்தது இப்ப தெரியாதுனு ஆயிருக்கு. அவ்வளவுதானேம்மா? தெரியாதுங்கறத வச்சு நான் எப்படி அறை குடுக்கறது?"

அண்ணி மன்றாடினாள். தப்பு தன்னுடையது, தண்டனை பாப்பாவுக்கா என்று கேட்டாள். தன்னை வேண்டுமானால் கிடங்குக்கு அனுப்புங்கள் என்றுகூடச் சொல்லிப்பார்த்தாள். அவர் தண்டனை என்ற சொல்லையே ஒப்புக்கொள்ளவில்லை. பாப்பா கிடங்கு வேலை போக மிச்ச நேரத்தில் அங்கேயே ஒரு மூலையில் சின்ன உலையை வைத்துக்கொள்ளலாம், மறுபடி அப்படி ஒரு படிகம் வந்தால் அப்போது பார்க்கலாம் என்றார். சின்ன உலைக்குள் அந்தச் சூட்டை வெகு நேரம் நிறுத்த முடியாது என்பது அவருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். அடுத்த வாரமே மின்கலக் குழுவினர் தங்கள் சாமான்களோடு வந்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், அக்கா அக்கா என்று பாப்பாவின் பெட்டிகளையும் அவர்களே தூக்கிக்கொண்டு போய்க் கிடங்கில் வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் வீடு திரும்பினார்கள். பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை.  மாடிப்படி தொடங்கும் இடத்தில் பாப்பா மேலே போகத் திரும்பியபோது, அண்ணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. முடிவைச் சொன்ன நாளிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு ஏன் இன்னொரு தடவ ஓட்டச் சொல்லல? மத்தவங்க யாராவது இருந்தா விட்டிருக்கவே மாட்ட. சண்டை போட்டிருப்ப. என்கிட்ட மட்டும் ஏன் அப்படியே நம்பிட்ட?"

பாப்பா இரண்டு படி ஏறியிருந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசிப்பது தெரிந்தது.

"எதுவும் தெரியலனு நீங்க சொன்னப்ப, உங்க முகத்துல ஒரு சந்தோஷம் வந்துச்சு அண்ணி. ஒரு நொடிதான். நான் பாத்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "நமக்குப் புடிக்காதவங்க தோத்தா வருமே, அது. அதப் பாத்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. ஏதாவது மழுப்பறதா இருந்தா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருப்பீங்க. இவங்களுக்கே இவ்வளவு சந்தோஷம்னா, அப்ப உண்மையிலேயே ஒண்ணும் இல்லனு நினைச்சு, நானே அரைச்சுட்டேன்."

இல்லை என்று சொல்ல அண்ணி வாயைத் திறந்தாள். 

"அண்ணன் சாப்பிடாமக் காத்துட்டிருப்பாரு. போங்க," என்று சொல்லிவிட்டு பாப்பா மேலே ஏறினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்ப்பாள் போடும் சத்தம். அண்ணி அங்கேயே கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து அண்ணன், வந்தாச்சா என்று குரல் கொடுத்தார்.